படித்தவர் கால்களில் கொப்புளம்

கீர்த்தனா எழுதிய கிரிவலக் கட்டுரையைப் படித்தவர்களுக்கெல்லாம் உள்ளங்காலில் கொப்புளம் வந்தது. பெங்களூரில் ஏசி அறையில் உட்கார்ந்து படித்தவருக்கு வந்தது. மெல்போர்ன் குளிரில் கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டு படித்த அம்மாளுக்கும் வந்தது. மேலோட்டமாகப் படித்தவர்களுக்கு மிளகு அளவிலும், ஊன்றிப் படித்தவர்களுக்குக் கோலிக்குண்டு அளவிலும் இருந்தது. தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு லைக் போட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வைகாசி மாதம் நடந்தது இது. அப்போது தக்காளி விலை ஏறியிருந்ததால் திருவண்ணாமலையில் பலர் இதை இரண்டாவதாகத்தான் பேசினார்கள்.

கீர்த்தனா கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை பயிரிடும் குடும்பத்துப் பெண். கல்லூரி நூலகத்தில் மொழிபெயர்ப்பு நாவல்களாகப் படித்துத் தள்ளியதில், தான் பார்த்தேயிராத தூரதேசத்து நகரங்களில் ரொட்டிக்கடை எந்த முனையில் இருக்கிறது, மழை பெய்தால் எங்கே ஒதுங்கலாம் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. அப்படி ஓர் ஊரைத் தானும் யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்ற ஆசையில்தான் கோபியின் சுற்றுலா இணையதளத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டி ஒரு காபிக்கடையின் மாடியில் இருந்தது அலுவலகம். அங்கே யாரும் எந்த ஊருக்கும் போவதில்லை. ஏற்கெனவே எழுதப்பட்ட கட்டுரைகளைத் திறந்து வைத்து, கலந்து, புதிதாக ஒன்று செய்வார்கள். எல்லா ஊரும் இயற்கை அன்னையின் மடியில் இருந்தது. ஒருமுறை மூணாறு கட்டுரை ஹம்பி என்ற பெயரில் வெளியாகி, ஒன்றரை வருடம் எந்தப் புகாரும் இல்லாமல் கிடந்தது. ஜன்னல் முழுக்க மலை நின்றது. கணினித் திரையில் வெளிச்சம் அடிக்கிறது என்று திரைச்சீலையை இழுத்து விட்டிருந்தார்கள்.

கீர்த்தனாவின் கட்டுரைகளை யாரும் முழுதாகப் படிக்கவில்லை. கோபி கணக்கெடுத்துப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டான்.

“ரெண்டாவது பாராவுலயே எல்லாரும் ஓடிட்றாங்கம்மா. கிரிவலம் பத்தி ஒண்ணு குடு. அதையும் கடைசி வரைக்கும் எவனும் படிக்கலன்னா, இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம்.”

நிறுத்தினால் மாமாவின் உரக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலி. அதில் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருப்பது கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும். யோசித்துப் பார்த்தபோது, பௌர்ணமி இரவுகளில் அப்பாவின் தோளில் தூங்கிக்கொண்டு மலையைச் சுற்றியதைத் தவிர, அந்தப் பாதையை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை என்பது புரிந்தது. உடனே செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் விட்டாள்.

“உச்சி வெயில்ல எவளாச்சும் சுத்துவாளா? நெட்டுல இல்லாததா?” என்றான் கோபி. அவள் படியிறங்கிவிட்டிருந்தாள்.

ராஜகோபுரத்தில் தொடங்கி, ஊர் வழக்கப்படி, மலையை ஒட்டிய வலது ஓரத்தைக் கண்ணுக்குத் தெரியாத சித்தர்களுக்கு விட்டுவிட்டு இடது ஓரமாகவே நடந்தாள். தார் அடுப்புக்கல் போலக் காய்ந்திருந்தது. அடி அண்ணாமலை வந்தபோது இரண்டு பாதத்திலும் கொப்புளம். பாதி வழிதான் ஆகியிருந்தது. அதற்கு மேல் முடியாமல் ஷேர் ஆட்டோ ஏறித் திரும்பி எழுத உட்கார்ந்தாள். முதலில் ‘தெய்வீகம் ததும்பும்’ என்று எழுதினாள், அது எந்த ஊருக்கும் பொருந்தும் என்று அழித்தாள். நிழல் எங்கே அறுந்துபோகிறது, கால் எந்த இடத்தில் தன்னால் மண்ணைத் தேடுகிறது, குரங்கு எவ்வளவு சலிப்போடு வாழைப்பழத்தைப் பிடுங்குகிறது என்று எழுதினாள். நடக்காத மீதிப் பாதையை மட்டும் அலுவலக வழக்கப்படி வேறு இடங்களிலிருந்து எடுத்து ஒட்டினாள்.

கட்டுரை வெளியான மூன்றாம் நாள் கோபியின் போன் ஓயவில்லை.

“ஆஸ்திரேலியாலர்ந்து ஒரு அம்மா கால் எரியுதுன்னு அழுவுது. தூக்கிடும்மா அத!”

“கடைசி வரைக்கும் படிச்சாங்களாண்ணா?”

“இல்ல. அத்தினி பேரும் அடி அண்ணாமலை பாராவுல அப்படியே நிக்கிறாங்க. முன்னாடியும் போவல, மூடவும் இல்ல. நாளைக்கு சாயந்திரத்துக்குள்ள ஏதாச்சும் பண்ணு. இல்லன்னா கட்டுரையும் போவும், நீயும் போவ.”

மருத்துவர்கள் களிம்பு கொடுத்தார்கள், கேட்கவில்லை. கீர்த்தனாவுக்கு மட்டும் காரணம் விளங்கியது. மறுநாள் காலை அதே ஷேர் ஆட்டோவில் போய் அதே இடத்தில் இறங்கினாள். ஓட்டுநர் வல்லரசு அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

“அன்னிக்கு இங்கதான ஏறுன? மறுபடி இன்னாத்துக்கு இங்கயே எறங்கற?”

“உட்டுட்டுப் போனத கூட்டினு போணும்ணா.”

“இன்னா, ஆட்டுக்குட்டியா?”

“ஆளுங்க. ஜாஸ்தி பேரு.”

கொப்புளத்தோடு நடந்தாள். பின்னால் வெறுங்கால்கள் சரசரவென்று வரும் சத்தம் கேட்டது. தார் சுடும்போது எழும் முனகல் பல பாஷைகளில் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வாயு லிங்கத்தருகே காற்று வந்தபோது எல்லோரும் ஒன்றாக மூச்சு விட்டார்கள். ஈசானிய லிங்கம் வருவதற்குச் சற்று முன், புளியமரத்தடியில் நீர்மோர் விற்கும் பச்சையம்மாள் ஒரு குடம் தண்ணீரைக் கீர்த்தனாவின் கால்களில் ஊற்றினாள். பிறகு அவள் தோளுக்குப் பின்னால் பார்த்து முகம் சுளித்தாள்.

“இத்தினி பேர இட்டாந்திருக்கியே, முன்னாடியே சொல்லக் கூடாதா? மோரு கம்மியாத்தான் கீது. தண்ணி கலந்துதான் குடுப்பேன்.”

“குடுங்கக்கா, அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

அன்று மாலை, ஒட்டியதை எல்லாம் வெட்டிவிட்டு, நடந்ததை எழுதினாள். மோர் சுமாராகத்தான் இருக்கும், ஆனால் அந்தத் தண்ணீரைத் தவறவிடாதீர்கள் என்றும் எழுதினாள். அடியில், அந்தத் தளத்தில் முதல்முறையாக, எழுதியவர் பெயரைப் போட்டாள். இருட்டுவதற்குள் பாதி உலகத்தில் கொப்புளங்கள் அமுங்கிப் போயின. மெல்போர்ன் அம்மாள், தரை ஈரமாக இருப்பதாகவும் கறிவேப்பிலை வாசம் வருவதாகவும், அடுத்த கட்டுரை எப்போது என்றும் கேட்டு எழுதினார். கேட்டவர்கள் அவ்வளவு பேர் இருந்ததால் தளம் ஒரு நாள் முழுக்க முடங்கியது. கோபி புதிய நாற்காலிகளுக்குக் கொடுத்த ஆர்டரை ரத்து செய்துவிட்டு, எழுதுகிறவர்களுக்கெல்லாம் பஸ் பாஸ் வாங்கினான். கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டில் மாமா, போகிறவர் வருகிறவரிடமெல்லாம், தன் குதிகாலில் இருந்த தழும்பைக் காட்டி, “நம்ம பொண்ணு எழுதனது” என்றார்.

அதன் பிறகு வருடத்துக்கு நான்கு ஊர்கள் என்று கீர்த்தனா எழுதினாள். கடற்கரை பற்றி எழுதியபோது வாசகர்கள் படுக்கையிலிருந்து மணலைக் கூட்டி அள்ளினார்கள். பரோட்டாக் கடைகளைப் பற்றி எழுதிய மாதம் பல வீடுகளில் இரவுச் சமையல் மிஞ்சியது. ஜவ்வாது மலைக் கட்டுரை ஐப்பசியில் வரும், மழையில் நடந்து எழுதியது என்று அறிவிப்பு வந்தபோது மழையை ஏன் முன்கூட்டியே சொல்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. வேலூரில் ஒரு வங்கி ஊழியர் கட்டிலில் சாய்ந்து, குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு படிக்கத் தொடங்கினார். மனைவி துண்டைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “கொஞ்சம் தள்ளுங்க” என்று குடைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டாள்.