நூற்றுப் பதினெட்டு கடைகளும் ஒரு மாடி வீடும்

மெத்தைக்காரர் தன் ஆயுளில் எதையும் சொன்ன விலைக்கு வாங்கியதில்லை. ஊசி போட வந்த நர்சிடமே கொஞ்சம் குறைத்துப் போடச் சொல்லிப் பார்த்தவர். அப்படிப்பட்டவரிடம் மருமகள் வந்து மடிக்கணினியைத் திறந்து வைத்து, இந்த வரைபட மென்பொருளுக்கு விலையே கிடையாது என்றதும் அவருக்குச் சந்தேகம் தட்டியது. பேரம் பேச வழியில்லாத பொருளை எப்படி நம்புவது?

“யாரோடதும்மா இது?”

“யாரோடதும் இல்ல மாமா. ஓப்பன் சோர்ஸ். தெரிஞ்சவங்க எல்லாரும் சேர்ந்து எழுதறாங்க. யார் வேணா எடுத்துக்கலாம்.”

“சரி, கெட்டுப்போச்சுன்னா யாரைப் போய்த் திட்டறது?”

“திட்ட ஆளில்ல. நாமளே திறந்து பார்த்துச் சரி பண்ணிக்கலாம்.”

“அதான் சும்மா குடுத்திருக்கான்,” என்று முடித்துவிட்டு அவர் தன் நாற்காலியை மருமகள் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

கடையின் பின்பக்கத்தில் கண்ணாடி தடுத்த சிறிய அறை அது. மேசை முழுக்க ஸ்பிரிங் மாதிரிகளும் வெட்டிய ஃபோம் துண்டுகளும் கிடந்ததால், மடிக்கணினியை ஒரு ஃபோம் துண்டின் மேலேயே வைத்திருந்தாள். ஒவ்வொரு எழுத்தைத் தட்டும்போதும் அது படகு மாதிரி ஆடியது.

ஓசிச் சரக்கு என்று முகம் சுளித்தாலும், அன்றைக்கு அவருக்கு அதை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. மாலை நான்கு மணிக்குத் தரகர் புதுக் குடோனுக்கான ஒப்பந்தத்தோடு வருகிறார். ஐந்து வருடம், நடுவில் விலக முடியாது. இடத்தைப் பார்த்துப் பிடித்தது அவருடைய மச்சினன், அதாவது மனைவியின் ஒரே தம்பி. விசாலமான இடம், நல்ல காற்றோட்டம், ஒழுகாத கூரை. எல்லாம் சரிதான். மச்சினன் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருந்தது என்பது மட்டும்தான் உறுத்தல்.

மெத்தைக்காரருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. ஆனால் மூக்கை நீட்டிக் காட்டி மனைவியிடம் வாதாட முடியாது. அவள் தம்பி பிடித்த இடத்தைக் காரணம் சொல்லாமல் வேண்டாமென்றால், வீட்டில் ஒரு மௌனம் தொடங்கும். அதற்கு ஐந்து வருடம் என்ற வரையறைகூட இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டாலோ, இருக்கிற ஒரே லாரி ஊரை தினமும் குறுக்கும் நெடுக்குமாக உழுதுகொண்டிருக்கும். அவருக்கு வேண்டியது ஒரு காரணம். நான்கு மணிக்குள்.

அவரிடம் சரக்கெடுக்கும் கடைகள் இருநூற்று நாற்பது. பழைய விற்பனையாளர் ‘மீசை’ பாதி ஊரையும், மச்சினன் பாதி ஊரையும் பார்த்துக்கொள்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு முன்பு மருமகள் இரண்டு பேருடைய கைப்பேசியிலும் ஒரு படிவத்தைப் போட்டுக் கொடுத்திருந்தாள். ஒவ்வொரு கடை வாசலிலும் நின்று கடைப் பெயரை எழுதி ஒரு பொத்தானை அழுத்தினால், நிற்கிற இடம் தானாகப் பதிவாகிவிடும். அந்தப் புள்ளிகளை வரைபடத்தில் ஏற்றி, எங்கே குடோன் வைத்தால் லாரிக்கு மொத்த ஓட்டம் குறையும் என்று கேட்டால் மென்பொருள் சொல்லும். அவ்வளவுதான் யோசனை.

மருமகள் பட்டியலை ஏற்றினாள். இருநூற்று நாற்பது புள்ளிகளும் போய் நடுக்கடலில் விழுந்தன.

மெத்தைக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். “என்னம்மா, மீனுக்கா மெத்தை விக்கறோம்?”

“அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் மாத்தி வாசிச்சிருக்கு மாமா. பட்டியல்ல முதல்ல இருக்கறதை இது ரெண்டாவதாக் கேக்குது. என் தப்புதான்.”

இரண்டு பெட்டிகளில் இடம் மாற்றிக் கொடுத்தாள். புள்ளிகள் கரையேறி ஊருக்குள் வந்து உட்கார்ந்தன. பிறகு கணக்கிடும் கட்டளையைக் கொடுத்தாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மென்பொருள் ஒரு சிவப்பு நட்சத்திரத்தைப் போட்டது. மச்சினன் வசிக்கும் தெருவில்.

சரியாக அந்த நேரம் பார்த்து மச்சினன் உள்ளே வந்தான். கூடவே சாப்பாட்டுக் கூடையோடு அவன் அக்காவும் வந்தாள். தம்பி பிடித்த இடத்துக்குக் கையெழுத்தாவதைக் கண்ணாரப் பார்க்க வேண்டுமென்று ஒரு நல்ல புடவை வேறு கட்டிக்கொண்டிருந்தாள்.

மச்சினன் திரையை எட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் பல்பு எரிந்தது.

“பார்த்தீங்களா அத்தான். நான் சொன்னா என் வசதிக்குச் சொல்றேம்பீங்க. கம்ப்யூட்டர் என்ன எனக்கு மாமனா மச்சானா?”

“என் தம்பி வாயைத் திறந்தா வீணாப் போகாதுங்க,” என்றாள் மனைவி. “இந்த வெயில்ல கடை கடையா ஏறி எறங்கினானே. பாவம்னு நான்தான் புதுக் குடை வாங்கிக் குடுத்தேன்.”

சரக்கு வாங்கும்போது விற்பவன் ஓயாமல் பேசினால், மெத்தைக்காரர் பேச்சைக் கேட்க மாட்டார். மூட்டையின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்ப்பார். இப்போதும் நட்சத்திரத்தை விட்டுவிட்டு வரைபடத்தின் ஓரங்களைப் பார்த்துக்கொண்டு போனார். விரல் ஓரிடத்தில் நின்றது.

“மாப்ளே, சந்தைக்குப் பின்னாடி தெரு உன் ஏரியாதானே?”

“ஆமா அத்தான்.”

“அங்க வரிசையாப் பதினோரு கடை. என்கிட்ட கடன் சொல்லாத ஒரே தெரு. ஒரு புள்ளிகூட இல்லையே.”

“சின்னதாத் தெரியும் அத்தான். நல்லா உத்துப் பாருங்க.”

மருமகள் பெரிதாக்கிக் காட்டினாள். தெரு கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ரயில் நிலையச் சாலையும் அப்படித்தான். மீசையின் பாதி ஊரில் புள்ளிகள் மணல் இறைத்தது போலக் கிடக்க, மச்சினனின் பாதியில் ஒரே ஒரு புள்ளிதான் தனியாக நின்றது. அதைத் தட்டினாள். பக்கத்தில் ஒரு பட்டியல் திறந்தது. முதல் கடை, இரண்டாவது கடை, மூன்றாவது கடை. கீழே இழுக்க இழுக்க அது வந்துகொண்டே இருந்தது.

“ஒரே இடத்துல நூத்திப் பதினெட்டு கடை இருக்கு மாமா,” என்றாள் மெதுவாக. “ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்திருக்கறதால ஒண்ணாத் தெரியுது.”

“அடுக்குமாடியா இருக்கும்,” என்றான் மச்சினன்.

அடுக்கிக் கிடக்கும் புள்ளிகளை எப்படிப் பிரித்துக் காட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. இதே மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் கூடும் ஒரு வலைத்தளத்தில் கேள்வியைப் போட்டாள். பதினோரு நிமிடத்தில் யாரோ முகம் தெரியாத ஒருவர், எந்தப் பட்டியலில் எந்த வரியைத் தட்ட வேண்டும் என்று படம் போட்டு எழுதியிருந்தார்.

“இதுல அவனுக்கு என்ன கிடைக்குது?” என்றார் மெத்தைக்காரர்.

“ஒண்ணும் கிடைக்காது மாமா.”

“ஒண்ணுமேவா?” அவருக்குத் தாங்கவில்லை. “ஒரு தலையணை அனுப்பட்டுமான்னு கேளு. நாளைக்கு வந்து ஏதாவது கேட்டான்னா என்ன பண்றது?”

மருமகள் சொன்னபடி தட்டினாள். அந்த ஒற்றைப் புள்ளி சட்டென்று மலர்ந்தது. நடுவிலிருந்து ஒரு வளையம், அதைச் சுற்றி இன்னொன்று, அதற்கு வெளியே இன்னும் பெரியதாக ஒன்று. நூற்றுப் பதினெட்டு இதழ்.

“அழகா இருக்கே,” என்றாள் மனைவி. “என்ன பூ இது?”

மருமகள் பின்னணியில் வானிலிருந்து எடுத்த படத்தைப் போட்டாள். பூவுக்கு நடுவில் ஒரு மாடி வீடு தெரிந்தது. மொட்டை மாடியில் நீல நிறத் தண்ணீர்த் தொட்டி. அந்தத் தொட்டியைத் தம்பிக்கு வாங்கிக் கொடுத்ததும் மனைவிதான்.

மடிக்கணினி ஃபோமின் மேல் லேசாக ஆடியது.

“பொத்தானை அழுத்தச் சொன்னீங்க, அழுத்தினேன்,” என்றான் மச்சினன். “பேரெல்லாம் சரியாத்தானே எழுதியிருக்கேன். நூத்திப் பதினெட்டுக்கும் ஒரு எழுத்துப் பிழை காட்டுங்க பார்ப்போம். எங்க நின்னு அழுத்தணும்னு யாரும் அழுத்திச் சொல்லல.”

“நின்னா அழுத்தினே?” என்றார் மெத்தைக்காரர்.

அவன் கொஞ்சம் யோசித்தான். “படுத்துக்கிட்டுதான்.”

மனைவி தம்பியைப் பார்க்கவில்லை. அறை மூலையில் அவன் என்றைக்கோ சாய்த்து வைத்துவிட்டுப் போன குடையைப் போய் எடுத்தாள். அது இன்னும் கடையில் போட்டுக் கொடுத்த உறைக்குள்ளேயே இருந்தது. விலைச் சீட்டுகூடக் கிழியவில்லை.

“வெயில்ல அலையறேன்க்கா, கண்ணு இருட்டுதுக்கான்னு ஒரு மாசம் புலம்பினியேடா,” என்றாள். குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மச்சினனுக்கு அவள் கத்தியிருந்தால் தேவலை என்று இருந்திருக்கும்.

மெத்தைக்காரருக்குக் காரணம் கிடைத்துவிட்டது. ஆனால் பாதிக் காரணம்தான். மச்சினனுடைய புள்ளிகள் பொய் என்பதாலேயே அவனுடைய குடோனும் தவறென்று ஆகிவிடாது. தரகர் வர இன்னும் இரண்டு மணி நேரம். அதற்குள் நூற்றுப் பதினெட்டு கடைக்கு ஏறி இறங்க யாரால் முடியும்?

“லாரியில ஜிபிஎஸ் மாட்டியிருக்கோமே மாமா,” என்றாள் மருமகள்.

மாட்டியிருந்தார்கள். இரண்டு வருடமாக அது ஓடிக்கொண்டிருந்தது. ஒருவரும் திறந்து பார்த்ததில்லை. அவள் அதன் பதிவுகளை இறக்கினாள். லாரி எட்டு நிமிடத்துக்கு மேல் நின்ற இடமெல்லாம் கடை. அதற்குக் குறைவாக நின்றது சிக்னல் என்று வைத்துக்கொண்டு சலித்தாள். அக்கம்பக்கத்தில் விழுந்தவற்றை ஒன்றாகச் சேர்த்தாள். சந்தைக்குப் பின்னால் இருந்த தெருவில் பதினோரு புள்ளிகள் எழுந்து நின்றன. மெத்தைக்காரர் உறவுக்காரர்களைப் பார்த்தது போல அவற்றைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஒரு புள்ளி மட்டும் மற்ற எல்லாவற்றையும் விடக் கொழுத்திருந்தது. வேலை நாள் ஒன்று விடாமல், மதியம் ஒன்று பத்திலிருந்து ஒன்று ஐம்பது வரை லாரி அங்கே நின்றிருக்கிறது.

“தினமும் சரக்கெடுக்கறானா?” மெத்தைக்காரர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். “யாரும்மா இந்தப் பார்ட்டி? எனக்குத் தெரியாம இப்படி ஒரு மகராசனா? டிரைவரைக் கூப்பிடு.”

லாரி ஓட்டுநரை எல்லோரும் ‘அவசரம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் அவசரப்பட்டு யாரும் பார்த்ததில்லை என்பதால் வந்த பெயர். வந்தார், திரையைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

“அது பார்ட்டி இல்ல முதலாளி. நான்தான்.”

“நீ அங்க என்ன பண்றே?”

“மூடிக் கிடக்கற ஐஸ் கம்பெனி முதலாளி. பெரிய சுவரு. மத்தியானம் நல்லா நிழல் விழும். சாப்பிட்டுட்டு ஒரு நாப்பது நிமிஷம் கண்ணை மூடுவேன்.”

“வண்டியிலயா?”

“சரக்கு மேல. உறை பிரிக்கறதில்ல முதலாளி, சத்தியமா.”

மெத்தைக்காரர் கோபப்படத்தான் வாயெடுத்தார். ஆனால் வியாபாரம் குறுக்கே வந்துவிட்டது. “எது மேல படுப்பே? ஸ்பிரிங்கா, ஃபோமா?”

“ஸ்பிரிங் சத்தம் போடுது. ஆறு இஞ்சு ஃபோம்தான் நல்லாருக்கு.”

அவர் அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். “ஊர்ல வேற நிழலே இல்லையா? அவ்வளவு தூரம் போய்ப் படுக்கணுமா?”

“தூரமே இல்லையே முதலாளி. அதான் சூட்சுமமே,” என்றார் அவசரம். “தூங்கும்போதுதான் கடைக்காரன் கூப்பிடுவான். மத்த எடத்துல படுத்தா ஒருத்தனுக்குப் பக்கம், ஒருத்தனுக்குத் தூரம். அங்கேர்ந்து எந்தக் கடைக்குப் போனாலும் இருபது நிமிஷம். பத்துப் பன்னெண்டு எடத்துல படுத்துப் பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணேன்.”

மருமகள் ஓட்டுநரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவருடைய தூக்கத்தையெல்லாம் பட்டியலிலிருந்து நீக்கினாள். இல்லாவிட்டால் மச்சினன் படுக்கை செய்த வேலையை இதுவும் செய்துவிடும். சுத்தமான புள்ளிகளோடு மறுபடி கட்டளை கொடுத்தாள். சிவப்பு நட்சத்திரம் ஐஸ் கம்பெனிக்கு எதிர்ச்சாரியில் விழுந்தது.

“நேரா எதிர்ல இருக்கே,” என்றார் மெத்தைக்காரர். “கொஞ்சம் தள்ளி இந்தப் பக்கம் வரச் சொல்லேன்.”

“அது பேரத்துக்கு வராது மாமா. ஆனா முப்பது அடி ஒரு பொருட்டில்ல. ஐஸ் கம்பெனியே போதும்.”

நான்கு மணிக்குத் தரகர் புன்னகையோடு வந்தார். மெத்தைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு மனைவியைப் பார்த்தார். அவள் எழுந்து தரகரிடம் போனாள்.

“அந்த எடம் எங்களுக்குத் தோதுப்படாதுங்க,” என்றாள். “மூடிக் கிடக்கற ஐஸ் கம்பெனி யாரோடதுன்னு தெரியுமா?” குடையைத் தம்பியின் கையில் கொடுத்தாள். “நாளைக்குக் காலையில உறையைப் பிரி. நூத்திப் பதினெட்டும்.”

அடுத்த மாதம் ஐஸ் கம்பெனிக்குள் மெத்தைகள் ஏறின. அதன் உரிமையாளர் சொன்ன வாடகைக்கு மெத்தைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. முகம் தெரியாத அந்த ஆள் மட்டும் தலையணை வேண்டாம், அடுத்து யாராவது கேள்வி கேட்டால் பதில் சொல்லிவிடுங்கள் என்று எழுதிவிட்டார். வாழ்க்கையில் மெத்தைக்காரர் தோற்ற ஒரே பேரம் அது.

மருமகளிடமிருந்து மென்பொருளை முதலில் கற்றுக்கொண்டது மனைவிதான். தம்பியின் கைப்பேசியை வரைபடத்தில் ஏற்றி, அவன் சந்து சந்தாக நகர்வதைத் தினமும் பார்த்தாள். பார்த்த ருசியில் கடை ஆட்கள் எல்லோரையும் ஏற்றினாள்.

ஒரு நாள் மதியம் மெத்தைக்காரர் சரக்குச் சரிபார்க்கக் குடோனுக்குப் போனார். மூன்றாவது அடுக்கில் அவசரம் ஆறு அங்குல ஃபோமின் மேல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். எழுப்பத்தான் நினைத்தார். அந்தப் பழைய சுவர்களுக்குள் இதமாகக் குளிர்ந்தது. பக்கத்தில் இன்னொரு ஆறு அங்குலம் காலியாகக் கிடந்தது.

மாலை வீட்டுக்கு வந்தபோது மனைவி மடிக்கணினியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“ஏங்க,” என்றாள் திரும்பாமலே. “ஒண்ணு பத்துலேர்ந்து ஒண்ணு அம்பது வரைக்கும் உங்க புள்ளி அசையவே இல்லையே?”