ஞாயிற்றுக்கிழமைக் குரல்

தன் அப்பாவுக்கு வேறு எங்கோ ஒரு மகன் இருக்கிறான் என்பது அவனுக்குப் பதினைந்து வயதில் உறுதியானது.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் அடித்ததும் அப்பா பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அன்று அவன் இருந்த குளியலறையின் ஜன்னல் திறந்திருந்தது; அப்பா பேசுவது கேட்டது.

"அழாத கண்ணா. நான் எங்கயும் போகமாட்டேன். சாப்டியா?"

வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் வீட்டில் நடமாடுகிற மனிதர்.

அப்பா போனில் யாரிடம் பேசுகிறார் என்று, துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டான்.

"லிப்ட் கம்பெனில வேற என்ன வேலைன்னு நெனச்ச? நடுவுல மாட்டிக்கிட்டவங்க மணி பட்டன அமுக்குவாங்க. மெக்கானிக் போய்ச் சேர்ற வரைக்கும் உங்கப்பா பேச்சுக் கொடுக்கணும். ஞாயித்துக்கிழமைன்னா இவர் போனுக்கே வந்துடும்."

"இவரா? பேச்சா?"

"இருக்கறதெல்லாம் அங்கயே தீந்துடுது. நமக்கு எங்க மிஞ்சும்?" சிரித்தாள்.

அம்மா நம்புவதற்காக அப்பா கட்டிய கதையாகவும் இருக்கலாமே.

அடுத்த ஞாயிறு டியூஷன் கட்டிடத்துக்குப் போனான். அங்கே அப்பா கம்பெனி லிப்ட். இரண்டு மாடிகளுக்கு நடுவே சிவப்பு பட்டனை அமுக்கி நிறுத்தினான். பிறகு மணி பட்டன். வேறு யாராவது பேசினால் அப்பாவின் குட்டு உடைந்துவிடும்.

"சொல்லுங்க, கேக்குது."

அப்பாவேதான். ஆனால் நிம்மதி வரவில்லை. ஊரில் எவன் வேண்டுமானாலும் இவருக்குக் கண்ணா, தன்னைத் தவிர.

குரலை மாற்றிக்கொண்டான். "மாட்டிக்கிட்டேன்."

"தனியாவா இருக்க?"

"ஆமா."

"பயப்படாத கண்ணா. அப்பாவுக்குச் சொல்லணுமா? நம்பர் சொல்லு."

"வேணாம். அவர் பேசமாட்டார்."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. கண்டுபிடித்துவிட்டாரா?

"இதுல பேசறவங்க யாரும் என் மூஞ்சியப் பாக்கறதில்ல," என்றார் அப்பா. "எதிர்ல நின்னு பாத்தா எனக்கும் பேச்சு வராது."

இதையும் எல்லோரிடமும் சொல்வாரோ?

"சிவப்பு பட்டன நீதான அமுக்கின? போன்ல காட்டுது. வெளிய இழுத்தா லிப்ட் கெளம்பிடும். அவசரமில்ல. மெக்கானிக்க நான் அனுப்பல."

அவன் பட்டன்மேல் கை வைத்தான். பிறகு எடுத்துவிட்டு, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தான்.

"லைன்ல இருக்கீங்களாப்பா?" என்றான், தன் குரலிலேயே.