சொர்ணம்மாவுக்கு ஒத்துவராத பாட்டுகள்

“அம்மாவுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும்னு ஒனக்குத் தெரியுமா? வருஷத்துக்கு ஒரு வாட்டி மெயின்லேண்டுலேருந்து வந்து மொகத்தக் காட்டிட்டுப் போற ஆளு நீ” என்று ஷீலா கத்த, “நீ கூடவே இருந்து என்னத்தக் கண்டுபிடிச்சே, சுப் ரஹோ, வாய மூடு” என்று அவள் அண்ணன் சுரேந்திரன் திருப்பிக் கத்த, இருவருக்கும் பின்னாலிருந்த சுவரிலிருந்து ரப்பர் பால் வடிந்துகொண்டிருந்தது. டெய்ரி ஃபார்ம் என்ற பேருள்ள அந்தத் தீவுக் குடியிருப்பில் அது மூன்றாவது நாளாக நடந்துகொண்டிருந்ததால், பார்க்க வந்தவர்கள் செருப்பை வெளியே விட்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு உள்ளே போகப் பழகியிருந்தார்கள்.

அவர்களுடைய அம்மா சொர்ணம்மா இறந்து பதின்மூன்று நாளாகியிருந்தது. பதினாறாம் நாள் காரியத்துக்குக் காலையிலிருந்து ஸ்பீக்கரில் பாட்டுப் போட வேண்டும், அதுவும் செத்தவருக்குப் பிடித்த பாட்டாக. போடாவிட்டால் பிள்ளைகள் சரியில்லை என்று தெரு பேசும். அந்தத் தெரு எதற்கும் பேசும். சவுண்ட் செட் சந்திரமோகன் முன்கூட்டியே இரண்டு பெட்டிகளை இறக்கிவைத்து, சுரேந்திரன் கொடுத்த முருகன் பாட்டை ஓட்டிப் பார்த்தான். இரண்டாவது அடி வருவதற்குள், சிமெண்டுச் சுவரில் வெட்டுக்கத்தி போட்டதுபோல் சாய்வாக ஒரு கீறல் விழுந்து, பால் ஒழுகியது. பாட்டை நிறுத்தினால் அரை மணி நேரத்தில் நின்றது. ஷீலா பழைய சினிமாப் பாட்டுதான் என்றாள். அதற்கு இரண்டு சுவர்களில் வடிந்தது. நாதஸ்வரத்துக்கு அடுக்களையில். எதிர்வீட்டு உமா மகேஸ்வரி, எதற்கும் இருக்கட்டுமென்று ஒரு வேதக்காரச் சர்ச் பாட்டைப் போடச் சொன்னாள். அதற்குக் கூரையிலிருந்தே சொட்டியது. பார்க்க வந்த அரசாங்க இன்ஜினியர் விரலால் தொட்டு, முகர்ந்து, ‘ஈரக்கசிவு’ என்று எழுதிக்கொண்டு போனார்.

சுவர் காயாத வீட்டில் காரியம் செய்யமாட்டேன் என்று பூசாரி சொல்லிவிட்டார். போகிறவளுக்குப் போக மனமில்லை, நான் எப்படி அனுப்பிவைப்பது என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் ஷீலாவுக்குப் பயம் வந்தது. சரியான பாட்டு கிடைக்காவிட்டால் அம்மா இந்த வீட்டிலேயே இப்படியே நிற்பாள். ஆனால் யோசிக்க யோசிக்க, அம்மா எந்தப் பாட்டையாவது முணுமுணுத்ததாகக் கூட அவளுக்கு நினைவில் இல்லை. டிவியில் பாட்டு வந்தால் சொர்ணம்மா சத்தத்தைக் குறைத்துவிடுவாள். அதற்குக் காரணம் தெருவுக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று தெரு நினைத்துக்கொண்டிருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சிறு பிள்ளையாகக் கப்பலில் வந்து, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் இருபது வருஷம் பால் வெட்டியவள் அவள். சுனாமி அலை வந்த காலையில் இரண்டு வயதுக் கடைக்குட்டி திவ்யா அவள் கையிலிருந்து நழுவிப்போனதாக, முகாமில் அவள் புருஷன் ஒச்சப்பன் சொன்னார். அவள் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அந்தப் பேச்சை முகாமிலிருந்து டெய்ரி ஃபார்ம் வரைக்கும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்ததில் தெருவுக்கு நல்ல பங்கு உண்டு. பத்தொன்பது வருஷம், எந்தக் கல்யாண வீட்டிலும் அவள் மடியில் யாரும் ஒரு குழந்தையைக் கொடுக்கவில்லை.

ஒச்சப்பன் இந்தக் களேபரம் எதிலும் கலந்துகொள்ளவில்லை. கீறலுக்குக் கீழே தேங்காய்ச் சிரட்டைகளை வைப்பார், நிறைந்ததை வாளியில் ஊற்றுவார், ஆசிட் கலந்து உறையவைப்பார், ரப்பர் ஷீட்டாகத் தேய்த்துத் துணிக்கொடியில் காயப்போடுவார். பழைய வேலை கையை விட்டுப் போகவில்லை. பெண்டாட்டி செத்த வீட்டில் ஷீட் அடிக்கிறார் பார் என்று உமா மகேஸ்வரி தெருமுனை வரைக்கும் சொல்லிவிட்டு வந்தாள். பதினைந்தாம் நாள் சாயங்காலம் ஷீலா அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவுக்கு என்ன பாட்டுப்பா போடுறது என்று கேட்டாள். அவர் சிரட்டையைப் பார்த்துக்கொண்டே, “என்னால ஏலாது” என்றார். கேட்டது ஒன்று, பதில் இன்னொன்று. ஷீலா அதைப் பிடித்துக்கொண்டாள்: அப்பாவுக்கு அந்தப் பாட்டு தெரியும், பாடத்தான் முடியவில்லை.

மறுநாள் காலை எந்தப் பாட்டும் போடாமலே பால் வந்தது. வீட்டுக்குள் கணுக்கால் அளவு தேங்கியது. தெருவே திரண்டு வாசலில் நின்றது. ஷீலா சந்திரமோகனிடமிருந்து மைக்கை வாங்கி அப்பாவின் கையில் கொடுத்து, “நீங்க பாடுங்கப்பா. ஒங்களுக்குத் தெரியும்” என்றாள். சுரேந்திரன் தடுக்க வந்து, அப்பாவின் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டான்.

ஒச்சப்பனுக்குப் பாட வராது. தகரத்தை இழுப்பதுபோல் பாடினார். ரேடியோவில் கச்சால் கப்பல் நிற்கும் தீவுகளின் பேரும் நேரமும் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, சொர்ணம்மா தானாகக் கட்டின தாலாட்டு அது. ஹட்பே தாண்டி வா கண்ணு, கார் நிக்கோபார் தாண்டி வா கண்ணு, தெரசா தாண்டி வா கண்ணு. கச்சால் வர வேண்டிய இடத்தில் குரல் நின்றது. பால் நிற்கவில்லை. அவர் மைக்கை இறக்காமலே சொன்னார்: “புள்ள எங் கையிலதான் இருந்துச்சு. மரத்தப் பிடிக்க நாந்தான் கைய விட்டேன். பழிய அவ மேல போட்டேன், அவ வாயத் தொறக்கல.” ஸ்பீக்கர் அதை ஜங்ஷன் வரைக்கும் கொண்டுபோனது. வெயில் ஏறினால் ரப்பர் மரத்தில் பால் நிற்குமே, அப்படிச் சுவரில் நின்றது. பிறகு கடைசி அடியைப் பாடி முடித்தார்: கச்சால் வந்தாச்சு, எறங்கிக்கோ கண்ணு.

அன்று முழுக்கத் தெருவில் யாரும் யாரைப் பற்றியும் பேசவில்லை. டெய்ரி ஃபார்மில் அதற்கு முன் அப்படி நடந்ததாகத் தெரியவில்லை. சுவர் மத்தியானத்துக்குள் காய்ந்தது, காரியம் முடிந்தது. உமா மகேஸ்வரி மட்டும் இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று கேள்வி. மூன்றாம் நாள் அவளே வந்து அதைச் சொன்னாள்.

சுரேந்திரன் அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் சென்னைக்குப் போனான். அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான், பத்திரிகை ஷீலா பேருக்கு மட்டும் வந்தது. ஷீலா வருஷம் கழிந்ததும் சந்திரமோகனைக் கட்டிக்கொண்டு பெரார்கஞ்சுக்குப் போனாள். வீட்டை ஜெய்னுதீன் குடும்பம் வாடகைக்கு எடுத்தது. சுவரில் ஆணி அடித்தால் கொஞ்சம் வெள்ளையாக வருகிறது, துடைத்தால் போய்விடுகிறது என்றாள் அவர் மனைவி நசீரா. ஒச்சப்பன் கச்சால் கப்பலுக்கு டிக்கெட் எடுத்தார். கவுன்டரில் பெரியவர் இரண்டு, குழந்தை ஒன்று என்று கேட்டார். வழியனுப்ப வந்திருந்த ஷீலா மூன்றுக்கும் காசை எண்ணிக் கொடுத்தாள். கப்பல் ஏணியருகே நின்ற ஆள் மூன்று டிக்கெட்டையும் கிழித்து, மூன்று பேரையும் எண்ணி, குழந்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லி உள்ளே விட்டான்.