நடுக்கதவு

“இந்த வீட்டுக்கு மட்டும் ஏன் எலும்பெல்லாம் வெளிய தெரியுது?” என்று சின்ன வயதில் தனுஜா கேட்டிருக்கிறாள். சுவரில் குறுக்கும் நெடுக்கும் ஓடிய கறுப்பு மரச்சட்டங்களைத்தான் சொன்னாள்.

“வெளிய இருந்தா நனைஞ்சாலும் காஞ்சிரும்மா. உள்ள தண்ணி எறங்குனாத்தான் உளுத்துப் போகும்” என்றார் அப்பா.

அந்த அப்பாவின் சவப்பெட்டி இப்போது சமையலறை வாசலில் திரும்ப முடியாமல் நின்றது.

“கொஞ்சம் சாய்ப்போம்” என்றான் அவள் கணவன் விஜிதரன்.

“வேணாங்க. வெறும் பெட்டியா வந்தப்ப சாய்ச்சீங்க. இப்ப உள்ள அப்பா இருக்காரு.”

“அப்ப நிலைச்சட்டத்த அறுக்கணும்.”

“அறுத்தா மேல்சுவரு எறங்கிரும்.”

இலங்கை மலைநாட்டில், பூண்டுலோயாவுக்கு மேலே, வெள்ளைக்காரத் துரைமார் காலத்துத் தேயிலைத் தோட்ட பங்களா. தாத்தா வாங்கி இரண்டு மகன்களுக்கும் பிரித்துக் கொடுத்தது. முன்வாசலும் ஹாலும் பெரியப்பாவுக்கு, சமையலறைப் பக்கம் அப்பாவுக்கு. கறையான் தின்ற உத்தரத்தை அப்பா கேட்காமல் அறுத்து மாற்றியபோது பெரியப்பாவின் சுவர் வெடித்தது. அன்று அடைபட்டது, இரண்டு பக்கத்துக்கும் இடையில் இருந்த நடுக்கதவு.

“அந்தாளுகிட்டப் போய் நிக்காத. துப்பட்டில வச்சுத் தூக்கட்டும்” என்றாள் அம்மா நாகலெட்சுமி.

“துப்பட்டிலயா? அப்பா என்ன கொழுந்து மூட்டையாம்மா?”

தனுஜா நடுக்கதவைத் தட்டினாள். “பெரியப்பா.”

“யாருக்குப் பெரியப்பா?”

“அப்பாவ வெளிய கொண்டு போகணும்.”

“ஒங்களுக்குத்தான் வாசல் இருக்கே. உங்கப்பன் பெரிய ஆசாரியாச்சே, அகலமா அறுத்து வச்சிருக்கலாம்ல.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“பெட்டி திரும்ப மாட்டேங்குது. சாய்ச்சா அப்பா ஒரு பக்கமா உருண்டுருவாரு, பெரியப்பா.”

தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது. கதவுக்குப் பின்னால் ஏதோ கனமான அலுமாரி இழுபடும் சத்தம். துருப்பிடித்த தாழ் விலகியது.

பெரியப்பா பெட்டியைப் பார்க்கவில்லை. “காலு முன்னால போகட்டும். பலகைத் தரையில எறக்கி வைக்காதீங்க” என்றார். பிறகு தனுஜாவிடம், “நாளைக்குச் சொந்தம் கொண்டாடிக்கிட்டு இந்தப் பக்கம் வந்துராத.”

அப்பா நேராகப் படுத்தபடியே பெரிய வாசலைக் கடந்தார். ஆண்கள் தேயிலைக்கு நடுவே இறங்கிப் போனார்கள். எல்லோருக்கும் பின்னால், விந்தி விந்தித் தனியாக ஒரு குடை போயிற்று.

பெண்கள் வாளி வாளியாய்த் தண்ணீரைச் சிமெந்துத் தரையில் ஊற்றி வீட்டைக் கழுவினார்கள்.

“பெரியப்பா பக்கமும் சேறாக் கெடக்கேம்மா.”

“அவன் பக்கத்த அவனே கழுவிக்கட்டும்” என்றாள் அம்மா. எல்லோரும் மலைத்தண்ணீர் கொட்டும் பீலிக்குக் குளிக்கப் போனார்கள். பின்னால் வருவதாகச் சொன்னாள் தனுஜா.

பெரியப்பாவுக்கு முழங்கால் மடங்காது. துடைத்துவிட அவர் வீட்டில் வேறு ஆளில்லை. அவர் ஹாலில் பலகைத் தரை முழுக்கச் சேற்றுக் கால்கள். அங்கே தண்ணீர் ஊற்ற முடியாது. துணியை இறுக்கப் பிழிந்து, மண்டியிட்டு, பலகை பலகையாகத் துடைத்தாள். அலுமாரி கீறியிருந்த இடத்தை இரண்டு தடவை துடைத்தாள். நிமிர்ந்தபோதுதான் கண்ணில் பட்டது: சாமி படங்கள் எல்லாம் சாவு வீட்டில் வைப்பதுபோலச் சுவர் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் முதுகில் ஏற்கெனவே ஈரப்பொட்டுகள் பூத்திருந்தன; நடுக்கதவு திறப்பதற்கு முன்பே அவர் திருப்பி வைத்திருக்க வேண்டும்.

காய்ந்த துணியால் இன்னொரு முறை துடைத்தாள். கடைசிப் பலகையில் உள்ளங்கையை வைத்து ஈரம் பார்த்தாள். பிறகு வாளியைத் தூக்கிக்கொண்டு, தன் கால்தடம் விழாதபடி சுவரோரமாகவே நடந்து திரும்பினாள்.