நிறைமாத நடை

என் வீட்டுக்காரர் பெயர் தருமன். வாயால் சொன்னதில்லை, எழுத யாரும் தடை போடவில்லையே! செஞ்சி பஸ்ஸில் கண்டக்டர். அவரும் என்னை "இந்தா" என்பதோடு சரி. கல்யாணமாகி இருபது வருஷம்வரை ஒரு நாள்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறில் அவருக்குச் சர்க்கரை வியாதி வந்தது. கூடவே மறதியும். கீழ்பென்னாத்தூர் ஸ்டாப்பில் நிற்காமலே போக விசில் ஊதி, ஜனங்களிடம் திட்டு வாங்கினார். ஒரு நாள் எங்கள் மகள் தனத்தைக் காட்டி, "இவ பேரு என்னா?" என்றார். என் பெயர் ஞாபகமிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேட்கவும் பயம்.

"தினமும் நடங்க. சர்க்கரையும் கம்மியாவும், மூளைக்கும் நல்லது" என்றார் டாக்டர். டூட்டி நாளில் கோயிலைச் சுற்றி மாட வீதி, லீவு நாளில் மலை என்று இவர் சுற்றினார். மூன்று மாதமாகியும் சர்க்கரை இறங்கவில்லை.

"எப்படி நடக்கறீங்க?" என்று டாக்டர் கேட்டார். இவர் எழுந்து நடந்து காட்டினார். எங்களுக்கு மலைதான் சாமி; நிறைமாதக் கர்ப்பிணி மாதிரி அடிமேல் அடி வைத்துத்தான் மலை சுற்ற வேண்டும் என்பது எங்கள் ஊர் வழக்கம். டாக்டர் வெளியூர்க்காரர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு வந்ததே கோபம்!

"வேர்க்கற மாதிரி நடக்கணும்ங்க" என்றார் டாக்டர்.

"சாமிய சுத்தறப்ப ஓடறதா? பாவம்ங்க" என்றார் இவர்.

"அப்ப சாமிய சுத்தாத ரோட்டுல நடங்க, நானும் வர்றேன்" என்றேன்.

மறுநாளிலிருந்து வேங்கிக்கால் ரோடு. அப்போது இத்தனை வீடுகள் ஏது? ஏரியும் வயலும்தான். நான் முன்னால் ஓட்டமும் நடையுமாகப் போவேன். அவர் வேர்க்க விறுவிறுக்க, பஸ் ஸ்டாப்புகளை ஒப்பித்துக்கொண்டே பின்னால் வருவார். எவ்வளவு நல்ல காலைகள் அவை! ஆறு மாதத்தில் சர்க்கரை இறங்கியது, விட்டுப்போன ஊர்களும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. என் பெயர் திரும்பி வந்ததா என்பது மட்டும் தெரியவில்லை.

ஒரு நாள் பின்னால் ஒரு லாரி வந்தது. நான் கவனிக்கவில்லை.

"பொன்னி! ஓரமா வா!"

லாரி போய்விட்டது. நான் ரோட்டோரத்தில் நின்று ஓவென்று அழுதேன்.

"அடி பட்டுச்சா?"

"இல்லங்க. இன்னொரு தபா கூப்புடுங்க."

சுற்றும்முற்றும் பார்த்தார். கொக்குகளைத் தவிர யாருமில்லை. மெதுவாகக் கூப்பிட்டார். உடனே, "வா இந்தா, நேரமாவுது" என்று வெட்கத்தில் விறுவிறுவென்று முன்னால் போனார். அன்றைக்கு அவர் வேகத்துக்கு என்னால் ஈடு கொடுக்க முடியவில்லை.

அவர் போய் இரண்டு வருஷமாகிறது. இப்போது எனக்கும் சர்க்கரை. அதே ரோட்டில் நடக்கிறேன். பின்னால் லாரி சத்தம் கேட்டால், உடனே ஓரமாகப் போகாமல் கொஞ்சம் தாமதிக்கிறேன்.