பின்சுவர் நாற்காலி

பெண்டாட்டி கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பிப் பன்னிரண்டு நாள் ஆன மனிதர், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் போன் செய்தால் என்ன கேட்பார்? அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்பார். எப்போது வருவாள் என்று கேட்பார். வெட்கமாக இருந்தால் சும்மா இருமிவிட்டாவது வைப்பார். என் சகலை கேட்டது இது:

"தம்பி, பதினஞ்சு இஞ்ச் போதுமா, இல்ல பதினெட்டுக்கே போயிடலாமா?"

சப்வூஃபரைச் சொல்கிறார். வீட்டுத் தியேட்டரில் இடி, வெடி, பூகம்பம் எல்லாம் அடிவயிற்றிலிருந்து வருவது போல வர வேண்டும் என்பதற்காகத் தரையில் வைக்கிற அந்தப் பெரிய பெட்டி. அவரிடம் ஏற்கெனவே பன்னிரண்டு இஞ்சில் ஒன்று இருக்கிறது. அதற்கு முன்னால் பத்து இஞ்சில் ஒன்று இருந்தது. பத்து போய்ப் பன்னிரண்டு வந்தபோதே அண்ணி, "இன்னொரு டப்பா இந்த வீட்டுக்குள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன்" என்று சொல்லியிருந்தார். பதினெட்டுக்குக் கடைக்காரர் படம் அனுப்பிய அன்று, சொன்னதைச் செய்துவிட்டார்.

அண்ணி என்பது என் மனைவியின் அக்கா. வெளியே போனவர் வேறெங்கே போவார்? என் வீட்டுக்குத்தான் வந்தார். வந்து தங்கியது என் டூல்ஸ் ரூமில். சினிமா தியேட்டர்களில் ஸ்பீக்கர் மாட்டுவதும் சத்தத்தை அளந்து சரிசெய்வதும் என் பிழைப்பு. என் ஸ்க்ரூடிரைவர்கள் இப்போது சமையலறையில் கரண்டிகளோடு நிற்கின்றன. அளக்கிற மைக்கை அண்ணி பத்திரமாகத் துணியில் சுற்றி எங்கேயோ வைத்துவிட்டு, எங்கே என்பதை மறந்துபோனார். மூன்று நாள் தேடினேன். அழுக்குத்துணிக் கூடைக்கு அடியில் கிடைத்தது.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது மத்தியானங்கள்தான். சாப்பிட்டு முடித்ததும் அண்ணி என் மேசையில் உட்கார்ந்து போனில் படம் பார்ப்பார். உள்ளங்கை அகலத்துக்குத் திரை. ஒரு பக்கம் மட்டும் வேலை செய்கிற இயர்போன். எங்கள் குடும்பத்திலேயே சினிமாப் பைத்தியம் அண்ணிதான். நடிப்பவர் வாயைத் திறப்பதற்குள் வசனத்தை இவர் சொல்லிவிடுவார். முப்பத்திரண்டு அடிக்கு இருபது அடியில் அந்தத் தியேட்டர் அறையைச் சகலை கட்டியதே இவருக்காகத்தான். யாருக்காகக் கட்டினாரோ அந்த ஆள் இங்கே போனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அந்த அறைக்குப் பதினஞ்சா பதினெட்டா என்று சகலை என்னைக் கேட்கிறார். எனக்கு மண்டை காய்ந்தது.

"போன்ல யாரு?" என்றாள் என் மனைவி.

"உங்க மாமா. பதினஞ்சு போதுமான்னு கேக்கறார்."

"நேர்ல போங்க. இன்னிக்கே முடிச்சிட்டு வாங்க. முடிக்காம வந்தீங்கன்னா, நானும் அக்காவும் இங்க இருந்துக்கறோம். நீங்க அங்க போய் மாமாவோட குடும்பம் நடத்துங்க."

அந்தத் தண்டனையை ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்தேன். மைக்கையும் ஸ்டாண்டையும் பையில் போட்டுக்கொண்டு உடனே கிளம்பிவிட்டேன்.

சகலை டைல்ஸ் மொத்த வியாபாரி. நல்ல மனிதர், ஒளிவுமறைவு தெரியாதவர். ஆனால் எந்தப் பிரச்சினைக்கும் அவருக்குத் தெரிந்த ஒரே தீர்வு, இதைவிடப் பெரிய சைஸ். கதவைத் திறந்ததுமே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

"வா, வா. வந்திருக்கு பாரு."

அறையின் முன்மூலையில் வாஷிங் மெஷின் அளவில் கறுப்பாக ஒன்று நின்றது. பதினெட்டு இஞ்ச். கடைக்காரர் சோதித்துப் பார்க்கக் கொடுத்தாராம். நேற்றே வந்துவிட்டதாம்.

"அப்புறம் எதுக்கு என்னைக் கேட்டீங்க?"

"உன் அபிப்பிராயமும் வேணும்ல?"

என் அபிப்பிராயம் இரண்டு வருஷமாக ஒன்றுதான். அவருடைய சாய்வு நாற்காலி அறையின் நட்டநடுவில் இருக்கிறது. கனத்த சத்தம் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும். திரும்பி வருகிற சத்தமும் போகிற சத்தமும் சில இடங்களில் சேர்ந்து குவியும். சில இடங்களில் ஒன்றை ஒன்று தின்றுவிடும். அந்த அறையில் தின்றுவிடுகிற இடம் நட்டநடு. மைக் வைத்து அளந்து காட்டியிருக்கிறேன். நாலடி முன்னால் நகருங்கள் என்று கும்பிடாத குறையாகச் சொல்லியிருக்கிறேன். பத்து இஞ்ச் வந்தபோதும் சொன்னேன், பன்னிரண்டு வந்தபோதும் சொன்னேன்.

இன்றைக்கு மூன்றாவது தடவையாகச் சொன்னேன். அவரும் மூன்றாவது தடவையாக அதே பதிலைச் சொன்னார்.

"நம்ம வீடு, நம்ம ரூம். நான் நடுவுல உக்காராம ஓரமாவா போய் உக்காருவேன்? நீ பேசாம உக்காரு. போட்டுக் காட்டறேன்."

உட்கார இடம் வேண்டுமே. மற்ற நாற்காலிகள் முழுக்க அட்டையும் தெர்மாகோலும் விலைப்பட்டியல்களுமாகக் கிடந்தன. காலியாக இருந்தது ஒன்றுதான்: பின்சுவரை ஒட்டி, கதவுக்குப் பக்கத்து மூலையில் இருக்கிற அண்ணியின் நாற்காலி. காலிங்பெல் அடித்தால் எழுந்து போகிறவர் அவர்தான். அடுப்பில் ஏதாவது இருந்தால் ஓடுகிறவரும் அவர்தான். அதனால் கதவோரம். அந்த நாற்காலியில் அதுவரை நான் உட்கார்ந்ததில்லை. போய் உட்கார்ந்தேன்.

ஒரு எரிமலை வெடிக்கிற காட்சியைப் போட்டார்.

அதைக் கேட்டேன் என்று சொல்ல முடியாது. அடி வாங்கினேன் என்று வேண்டுமானால் சொல்லலாம். கைப்பிடி நடுங்கியது. கடைவாய்ப் பல்லில் அடைத்திருந்த சிமெண்ட் அதிர்ந்தது. வயிறு மேலே ஏறித் தொண்டையில் நின்றது. கண்களுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலால் அழுத்துவது போல ஒரு வலி. நடுநாற்காலியிலிருந்து சகலை திரும்பி, "பத்தலையே தம்பி!" என்று கத்திவிட்டு வால்யூமை இன்னும் ஏற்றினார். இருபது வருஷம் தியேட்டர் ஸ்பீக்கர்களுக்கு நடுவே குப்பை கொட்டியவன் நான். ஒரு நிமிஷம் தாங்கவில்லை. எழுந்துவிட்டேன்.

"நிறுத்துங்கண்ணா!"

"ஏன்? இன்னும் ஏறவே இல்லையே?"

கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணி இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது அப்போதுதான் உறைத்தது. தலை வலிக்கிறது, வயிற்றைப் பிரட்டுகிறது, குறையுங்கள் என்பார். சத்தமே வரவில்லை, எதைக் குறைப்பது, எல்லாம் உன் பிரமை என்பார் சகலை. உங்களுக்குக் காது போய்விட்டது என்பார் அண்ணி. சகலை வீம்புக்குக் காது டாக்டரிடம் போய், காதில் ஒரு கோளாறும் இல்லை என்று எழுதி வாங்கிவந்து, அந்தக் காகிதத்தை ஃப்ரிஜ் கதவில் ஒட்டிவைத்தார். அண்ணி அதைப் பார்த்துக்கொண்டேதான் தினமும் ஃப்ரிஜைத் திறந்தார். தலைவலி போகுமா என்று பார்க்க இரண்டு தடவை கண்ணாடி மாற்றினார். இருவரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள். ஒரே அறையில் உட்கார்ந்து, ஒருவர் பொய் சொல்வதாக இன்னொருவர் நம்பியிருக்கிறார்கள். ஒரு நாளாவது இடம் மாறி உட்கார்ந்திருந்தால் தீர்ந்திருக்கும்.

"அண்ணா, இங்க வந்து உக்காருங்க."

"அது அவ சீட்."

"அதனாலதான் சொல்றேன்."

"நான் எதுக்கு அங்க உக்காரணும்? அவ என் சீட்ல ஒரு நாள் உக்காந்து பாத்திருப்பாளா? அவ வரட்டும். இங்க உக்காரட்டும். அப்ப நான் அங்க உக்கார்றேன்."

அண்ணி வரமாட்டார் என்ற தைரியம் அவருக்கு. எனக்கு எரிச்சல் உச்சிக்கு ஏறிவிட்டது. வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

அண்ணி என் மேசையில் போனோடு இருந்தார். இயர்போனைக் கழற்றாமலே கேட்டார்.

"டப்பா போயிடுச்சா?"

"போகல. புதுசா இன்னொண்ணு வந்திருக்கு."

அவர் பார்த்த பார்வையில் நான் அரை அடி பின்னால் போனேன்.

"உங்க துணிப்பையைத் தொட வேண்டாம் அண்ணி. பை இங்கயே இருக்கட்டும். பத்து நிமிஷம் மட்டும் வாங்க. உங்களுக்குத் தலை வலிச்சது நிஜம்னு அவர் வாயாலயே சொல்ல வைக்கறேன்."

இயர்போனைக் கழற்றினார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.

பன்னிரண்டு நாளைக்குப் பிறகு அண்ணி அந்த அறைக்குள் நுழைந்தார். சகலைக்கு முகத்தில் ஈயாடவில்லை. சொன்ன வார்த்தையைக் காப்பாற்ற வேண்டுமே, மெதுவாகப் போய்க் கதவோர நாற்காலியில் உட்கார்ந்தார். அது அவருக்குக் குட்டையாக இருந்தது. அண்ணி நடுநாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். கால் தரையில் படவில்லை. ரிமோட் அந்த நாற்காலியின் கைப்பிடிக் குழியில்தான் எப்போதும் இருக்கும். எடுத்து அழுத்தினார்.

எரிமலை வெடித்தது.

"இதுதானா?" என்றார் அண்ணி. வால்யூமை ஏற்றினார். "என்ன தம்பி, எங்கேயோ தெருக்கோடியில வெடிக்கற மாதிரி இருக்கு?" மறுபடி ஏற்றினார்.

பின்னாலிருந்து குரல் வந்தது. "குறை!"

"எதைக் குறைக்கறது? இங்க ஒண்ணுமே வரலையே."

"வயித்தப் பிரட்டுதுடி, குறைன்னா குறை!"

அண்ணி நாற்காலியோடு முழுக்கத் திரும்பினார். நிதானமாகச் சொன்னார்.

"எல்லாம் உங்க பிரமை."

நான் சிரித்துவிட்டேன். சிரித்தது நான் மட்டும்தான். அண்ணி அதை இரண்டு வருஷமாக நெஞ்சில் வைத்திருந்திருப்பார். ஆனால் சொல்லி முடித்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"நிஜமாவே இங்க ஒண்ணும் கேக்கலைங்க," என்றார், இந்தத் தடவை மெதுவாக. ரிமோட்டைத் தூக்கினார்.

"நிறுத்தாத," என்றார் சகலை.

"வலிக்குதுன்னீங்களே?"

"இருக்கட்டும். நீ இங்க முழுப் படமும் உக்காந்திருக்கியே."

கைப்பிடிகளை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெற்றி வியர்த்தது. டைல்ஸ் லாரியிலிருந்து பெட்டி காலில் விழுந்தபோதுகூட அவர் முகம் அப்படி வெளுத்து நான் பார்த்ததில்லை. மூன்று நிமிஷம் இருந்திருக்கும். அண்ணியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. படத்தை நிறுத்திவிட்டார்.

"போதும். எந்திரிங்க."

"வலிச்சது நிஜம்தான்," என்றார் சகலை. அண்ணியைப் பார்த்துச் சொல்லவில்லை, தரையைப் பார்த்துச் சொன்னார். ஆனாலும் சொன்னார்.

எனக்குத் தலைகால் புரியாத குஷி. இத்தனை நாள் காதில் போட்டுக்கொள்ளாத ஆளிடம் வாங்கிக்கொள்ள எனக்கும் பாக்கி இருந்தது. நடு அறையில் நின்று விளாச ஆரம்பித்தேன். "நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா? பதினஞ்சும் வேண்டாம், பதினெட்டும் வேண்டாம். இதை இன்னிக்கே திருப்பி அனுப்புங்க. இருக்கற பன்னெண்டுக்கு ஜோடியா அதே மாதிரி இன்னொரு பன்னெண்டு வாங்குங்க. ஒண்ணு முன்சுவர் நடுவுல, ஒண்ணு பின்சுவர் நடுவுல. ரெண்டு பேர் நாற்காலியையும் பக்கத்துல பக்கத்துல, நடுவுக்கு நாலடி முன்னாடி போடுங்க. அவ்வளவுதான் விஷயம். என் பேச்சைக் கேட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா?"

சகலை தலையாட்டினார். அவர் என் பேச்சுக்குத் தலையாட்டியது அதுதான் முதல் தடவை.

"தம்பி," என்றார் அண்ணி. "ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க அண்ணி."

"ரெண்டு தடவை அளக்க வந்தீங்க. மைக்கை எங்க வெச்சீங்க?"

"அண்ணன் சீட்ல."

"ரெண்டு தடவையும்?"

"வீட்டுக்காரர் சீட்லதானே அண்ணி வெப்பாங்க."

"நான் அப்ப இங்கதான் உக்காந்திருந்தேன். கதவுகிட்ட. தலை வலிக்குதுன்னு உங்ககிட்டயும் சொன்னேன். என்ன சொன்னீங்க, ஞாபகமிருக்கா?"

இருந்தது. மைக்கைச் சுருட்டிக்கொண்டே சிரித்தபடி சொன்னேன். "புதுசுல அப்படித்தான் இருக்கும் அண்ணி, போகப்போகப் பழகிடும்." அதைச் சொன்ன கையோடு அவர் கொடுத்த காபியையும் குடித்துவிட்டு வந்தேன்.

சகலைக்காவது இந்தத் தொழில் தெரியாது. அந்த அறையில் எந்த மூலையில் சத்தம் குவியும் என்று தெரிந்த ஒரே ஆள் நான். ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு இருபது அடி நடந்திருந்தால் போதும். நடக்கவில்லை. அந்த நாற்காலியில் ஒரு ஆள் உட்காருகிறார் என்பதே என் கணக்கில் இல்லை. பன்னிரண்டு நாளாக அவரை நான் சலித்துக்கொண்டதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருந்தது.

"அவ பை எங்க இருக்கு?" என்று என்னிடம் கேட்டார் சகலை.

"என் டூல்ஸ் ரூம்ல."

"நான் போய் எடுத்துட்டு வரேன்."

"அவசரப்படாதீங்க," என்றார் அண்ணி. "முதல்ல தம்பி அளக்கட்டும். பையைப் பத்தி அப்புறம் பேசலாம்."

சகலை அட்டைகளை ஒதுக்கி எனக்கு வழி செய்தார். ஸ்டாண்டைக் கொண்டுபோய் அண்ணியின் நாற்காலிக்கு முன்னால் நிறுத்தி, மைக்கை வழக்கமான உயரத்தில் வைத்துத் திருகை முடுக்கினேன். அண்ணி வந்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். மைக் அவருடைய உச்சந்தலைக்கு நேராக இருந்தது.

"அது அவர் காது தம்பி," என்றார். "என் காது இன்னும் கீழ."

திருகைத் தளர்த்தி ஒரு சாண் இறக்கினேன்.