பதினாலாம் வார்டுக்கு நடை

எங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்க வேண்டுமானால், அவர் வளர்த்த நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். கயிறு தொய்வாக இருக்க வேண்டும். விறைத்தால் பார்வை கிடையாது. நாய் வளர்க்காதவர்கள் நோயில் விழாமல் பார்த்துக்கொள்வார்கள். இதில் அதிசயம் ஒன்றுமில்லை.

என் பெண்டாட்டி பேச்சியம்மாள் பதினாலாம் வார்டில் கிடந்தாள். ஏழு நாளைக்குள் யாராவது போய்க் கட்டில் பக்கத்தில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஏழாம் நாள் சாயங்காலம் அஞ்சு மணிக்கு 'ஆள் இல்லை' என்று எழுதிப் பின்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். பின்கட்டுக்குக் கதவு உண்டு. உள்ளே போக மட்டும்.

நாயின் பேர் வக்கீல். குட்டியிலேயே எதைச் சொன்னாலும் எதிர்த்துக் குரைப்பான் என்று அவள் வைத்த பேர். வளர்த்ததும் அவள்தான். நான் சோற்றுத் தட்டைக்கூட நகர்த்தியதில்லை.

வாசலில் கயிற்றின் நுனியை என் மணிக்கட்டில் முடிந்து அரக்கு வைத்தார்கள்.

"அவுக்கக் கூடாது," என்றார் வாட்ச்மேன்.

"அவுத்தா?"

"கை எங்ககிட்ட இருந்துக்கிடும்."

நியாயந்தான். உள்ளே போனேன். வராந்தா ஆறு தூண் நீளம். ஆறாவது தூணுக்குப் பக்கத்தில் பதினாலாம் வார்டு. வராந்தாவின் தொடக்கத்தில் சூப்பர்வைசர் செண்பகவல்லி முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து பேச்சியின் குரல் கேட்டது.

"கஞ்சியில ஒரு கல்லு உப்பு போட்டா உங்க கை ஒடிஞ்சா போயிரும்?"

யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். எனக்குப் போன உசுரு திரும்பி வந்தது. வக்கீலுக்கும் கேட்டது. ஒரே பாய்ச்சல். கயிறு விறைத்தது.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டார் சூப்பர்வைசர்.

போச்சு. கிளம்பும்போது எங்கே என்று ஒருத்தர் கேட்டுவிட்டால் என்ன செய்வோம்? திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்புவோம். வீட்டிலும் அப்படித்தான், ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான். திரும்பினேன். பெஞ்சில் உட்கார்ந்தேன். குடித்தேன். எழுந்து பார்த்தால் வராந்தாவில் ஒன்பது தூண்.

"மூணு கூடியிருக்கே?"

"ஒரு தடவை விறைச்சா மூணு. அதுக்கு நான் என்ன செய்யட்டும்?"

முதல் நாள் முடியும்போது முப்பது தூண் ஆகியிருந்தது. என் வயிறு தளும்பியது.

தண்ணீர் கொடுத்தவர் எங்கள் தெரு மரியசெல்வம் அண்ணாச்சி. ஐப்பசியில் தம்பியைப் பார்க்க, தம்பி வளர்த்த நாயோடு வந்தவர். திரும்பித் திரும்பிக் குடித்ததில் டிரம் ஆகிவிட்டார். இடுப்பில் பித்தளைக் குழாய் வைத்திருந்தார்கள். பக்கத்தில் சங்கிலி போட்ட டம்ளர்.

"என்னவே, சௌக்கியமா?" என்றார்.

"இருக்கேன். தம்பி எப்படி இருக்காரு?"

"பின்கட்டுக்குக் கொண்டுபோயாச்சு."

"நாய்?"

"உள்ள இழுத்துக்கிட்டே நிக்கி."

அவர் கையிலிருந்த கயிறு வராந்தாவுக்குள் போய்க் கண்ணுக்கு மறைந்தது. தொட்டால் சத்தம் வரும்போல விறைத்திருந்தது.

"நீங்க அதைப் பழக்கிவிட்டிருக்கணும் அண்ணாச்சி."

"அதுக்குத் தம்பின்னா உசுருவே. தேடாதன்னு நான் எந்த வாயால சொல்ல?"

எனக்கு எரிச்சலாக வந்தது. பிழைக்கத் தெரியாத மனுஷன். நான் முப்பத்தோரு வருஷம் பஸ் கண்டக்டர். படிக்கட்டில் தொங்கிய கூட்டத்தையெல்லாம் உள்ளே தள்ளி ஒழுங்காக நிற்க வைத்தவன். ஒரு நாயை நடக்க வைக்கத் தெரியாதா?

சூப்பர்வைசரிடமே யோசனை கேட்டேன்.

"அது இழுத்தா நீங்க மரமா நின்னுருங்க. தொய்ஞ்சா நடங்க. எதைப் பார்த்து இழுக்குதோ, அந்த ஆசையைக் கொறைங்க. வேற ஒண்ணுமில்ல."

மறுநாள் வீட்டுக் கொடியில் கிடந்த பேச்சியின் சேலையை எடுத்து வந்தேன். வக்கீலின் மூக்குக்கு நேராகப் பிடித்தேன். துள்ளினான். மரமாக நின்றேன். ஊளையிட்டான். நின்றேன். சேலையைப் பார்த்தால் ஒன்றும் கிடையாது. என்னைப் பார்த்தால் ஒரு பொறை ரொட்டி. இப்படியே மூன்று நாள். நடுநடுவே வராந்தாவில் விட்டுப் பார்ப்பேன். அறுபது தூண் ஆயிற்று. தொண்ணூறு ஆயிற்று. நான் விடவில்லை.

அஞ்சாம் நாள் சேலையை நீட்டினேன். வக்கீல் கொட்டாவி விட்டான்.

சூப்பர்வைசர் கைதட்டினார். பெஞ்சில் இருந்தவர்களும் தட்டினார்கள். எனக்கு அப்படியொரு பெருமை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பேச்சி பத்து நிமிஷம் நினைவிலேயே இல்லை.

ஆறாம் நாள் முழுக்க அவனை ஒரே தூணைச் சுற்றி நடத்தினேன். கயிறு ஒரு தடவைகூட விறைக்கவில்லை. ஆனால் வார்டு இப்போது நூற்றெட்டுத் தூணுக்கு அப்பால் இருந்தது. அவள் குரல் கேட்பதே இல்லை. மத்தியானம் ஒரே ஒரு தடவை காற்று இந்தப் பக்கம் திரும்பியது.

"அவுக வந்தாகளா?"

"இல்லம்மா."

வக்கீலைப் பார்த்தேன். காதைச் சொறிந்துகொண்டிருந்தான்.

ஏழாம் நாள் மூன்று மணிக்குக் கிளம்பினோம். சூப்பர்வைசர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். வக்கீல் என் காலோடு காலாக நடந்தான். இருபதாம் தூணில் ஒரு பூனை குறுக்கே போனது. பார்க்கவில்லை. ஐம்பதாம் தூணில் யாரோ கறிச்சோறு தின்றுகொண்டிருந்தார்கள். பார்க்கவில்லை. எழுபதாம் தூணில் அண்ணாச்சியின் நாயைத் தாண்டினோம். முன்னங்கால் இரண்டையும் தரையில் ஊன்றி இழுத்துக்கொண்டிருந்தது. எலும்பும் தோலுமாக இருந்தது. வாலை மட்டும் ஆட்டியது.

"இதெல்லாம் ஒரு வளர்ப்பா?" என்றார் சூப்பர்வைசர்.

"அதானே," என்றேன்.

வார்டுக்குள் நுழையும்போது மணி நாலு ஐம்பத்தேழு. மூன்றாவது கட்டிலில் பேச்சி உட்கார்ந்திருந்தாள். பாதியாகிப் போயிருந்தாள். பக்கத்தில் நர்ஸ் பேரேட்டை விரித்து வைத்துக்கொண்டு நின்றார்.

வக்கீல் கட்டிலை நெருங்கினான். கட்டிலைத் தாண்டினான். போய்க்கொண்டே இருந்தான்.

நான் நடையை மெதுவாக்கினேன். தரையில் புரண்ட கயிறு மேலே எழும்பியது. சூப்பர்வைசர் வாயைத் திறந்தார். நின்றால் விறைக்கும். விறைத்தால் நூற்றெட்டோடு மூன்று. மூன்று நிமிஷத்தில் யாரால் போய்த் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வர முடியும்? இன்னொரு அடி வைத்தேன். கயிறு இறங்கியது. சூப்பர்வைசர் வாயை மூடினார்.

"வக்கீலு," என்றேன் அடித்தொண்டையில். "அவதாண்டே, நம்ம பேச்சி. பாரு. ஒரு தடவை பாருடே."

அவன் என்னைப் பார்த்தான். என்னை மட்டும்தான் பார்த்தான்.

"ஏம்மா, இவர் உங்க வீட்டுக்காரரா?" என்று நர்ஸ் கேட்டது காதில் விழுந்தது.

பேச்சி என்னைப் பார்த்தாள். அப்புறம் நாயைப் பார்த்தாள். ரொம்ப நேரம் நாயைத்தான் பார்த்தாள்.

"இல்லம்மா. எங்க வக்கீலுன்னா என்னையக் கண்டா கட்டிலையே கவுத்திருக்கும். இது வேற யாரோ."

கத்திக் கூப்பிட்டிருக்கலாம். அரக்கை உடைத்துக் கையைக் கொடுத்துவிட்டு நின்றிருக்கலாம். இப்போது தோன்றுகிறது. அப்போது கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வார்டின் அந்தக் கோடியில் ஒரு கதவு திறந்திருந்தது. அதற்கு வெளியே வராந்தா.

"அருமையா நடக்கான்," என்றார் சூப்பர்வைசர். "இந்த வருஷத்துல இப்படி ஒரு நாயை நான் பாக்கல."

பின்னால் பேனா மூடி திறக்கிற சத்தம் கேட்டது. கட்டில் சக்கரத்தின் பூட்டை யாரோ காலால் தட்டிவிட்டார்கள்.

"கொஞ்சம் பொறுங்கம்மா," என்றாள் பேச்சி. "இன்னும் ரெண்டு நிமிஷம் கெடக்குல்லா. அவுக வந்துருவாக."